நடுவில் விடுபட்ட நான்கு படங்கள்

போன் செத்துவிட்டது என்று ஒருவர் உங்கள் மேசையில் வைக்கும்போது, எப்போது விழுந்தது, எதில் நனைந்தது என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். போன் ரிப்பேர் வேலை பழகும் உங்களுக்கு நான் சொல்கிறேன்; எனக்கு இதைச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. செய்யூர்ப் பக்கத்துச் சவுக்கு வியாபாரி ஒருவருக்கு நான் இழைத்த நஷ்டத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

அப்போது செங்கல்பட்டில் போன் ரிப்பேர் கடை போட்டு நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு, தொண்ணூறுகளில், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு டி.வி. தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயப்பற்று வைத்துக்கொண்டிருந்தவள் நான். கை சுத்தமாக இருக்க வேண்டும், வேகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று நம்பியவள். அந்த வியாபாரியின் போன் கம்பெனிப் பெயரைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றுகொண்டது. புதிதாக சாஃப்ட்வேர் ஏற்றி, கால் மணி நேரத்தில் கையில் கொடுத்தேன். அவர் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

“இன்னா மேடம், எல்லாம் காலியா கீது?”

“புது போன் மாதிரி ஆயிடுச்சுங்க” என்றேன், பெருமையாக.

“என் நெலத்து எல்லைக்கல்லு போட்டோ அதுல இருந்துச்சு. பக்கத்து நெலத்துக்காரன் கல்லப் புடுங்கிப் போட்டுட்டான். அங்க கல்லு இருந்துச்சுன்றதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி.”

அவர் கத்தவில்லை. போனை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். அதை வாங்கிக்கொள்ள அவர் வரவே இல்லை.

அதற்குப் பிறகு, யார் வந்தாலும் முதல் கேள்வி அதுதான். உள்ளே என்ன வேண்டும்? கேட்கத் தெரிந்துவிட்டதால் இனித் தவறு வராது என்று நினைத்தேன். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பது வேறு கேள்வி. அதை எனக்குக் காட்ட இன்னொரு போன் வந்தது. இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் இருக்கும். பெரிய திரையும் நல்ல கேமராவும் வைத்த போன்கள் சம்பளக்காரர்கள் கையில் வர ஆரம்பித்திருந்த நேரம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, கடற்கரைப் பக்கம் இருக்கிற அணு ஆராய்ச்சிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்தார். திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நன்றாக மடித்துக் கட்டிய புடவை, அலுவலகப் பை. பைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மேசையில் பிரித்தார். உள்ளே போன். சார்ஜர் சொருகும் வாயில் பச்சையாகப் பூத்திருந்தது. கடல் தண்ணீர்.

உள்ளே என்ன வேண்டும் என்று கேட்டேன்.

“என் பொண்ணு” என்றார்.

அவர் பெயர் வத்சலா. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கணவனும் மனைவியும் ஒரே வளாகத்தில் வேலை. அவர் ஆய்வகத்தில், இவர் ஆவணப் பிரிவில். ஒரே மகள், பவித்ரா. எட்டு வயது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று வத்சலாவுக்கு மட்டும் அலுவலகம் போகவேண்டியிருந்தது. அப்பா மகளை பைக்கில் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போனார். மாலை ஐந்து மணிக்கு மேல், கடற்கரையில், ஒரு அலை பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. அப்பா போட்டிருந்த உடையோடு உள்ளே இறங்கித் தேடியிருக்கிறார். மீனவர்கள் அவரைத்தான் முதலில் இழுத்துவந்து போட்டார்கள். பிள்ளையை மறுநாள் காலையில்தான் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவையும் அவர் அலுவலகக் குறிப்பு வாசிப்பதுபோல் சொன்னார். பிறகு, “ஆஸ்பத்திரியில அவரோட ஈரத்துணியை ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க. கருமாதி முடிஞ்சு துவைக்க எடுத்தப்பதான் பேன்ட் பாக்கெட்ல இது இருந்துச்சு. அன்னைக்கு எடுத்த போட்டோ ஏதாவது இருக்கும்ல?” என்றார். கொஞ்சம் தயங்கி, “நான் ரெண்டு மூணு தடவை சார்ஜர்ல போட்டுப் பார்த்தேன். அது தப்பா?”

தப்புதான். உப்புத் தண்ணீர் குடித்த போனுக்குக் கரண்ட் கொடுப்பதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

“அதனால ஒண்ணும் இல்ல மேடம். உப்புதான் அரிச்சிருக்கு” என்றேன்.

அந்தப் பொய்க்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. நீங்களும் சொல்லலாம். நடந்து முடிந்ததைப் பற்றியது அது. அவருடைய கையிலிருந்து எதையும் அது பறிக்கவில்லை.

முயற்சி செய்கிறேன், வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றேன். ரசீது எழுதிக் கொடுத்தேன். படிகளில் இறங்கியவர் திரும்பி வந்து, அந்தக் கைக்குட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நான்காம் நாள் மத்தியானம் கணவர் வந்தார். குமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாடி வளர்ந்திருந்தது, மற்றபடி படித்த மனிதருக்குரிய ஒழுங்கு. ரசீது மனைவியின் பையில் கிடைத்ததாம். கடையில் வேறு ஆட்கள் இருந்ததால் அவர்கள் போகும்வரை வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“மேடம், அது வேலை செய்யுதா?”

“இன்னும் கரண்டே குடுக்கல சார். இதே மாடல்ல இன்னொரு போன் தேடிகினு இருக்கேன். போர்டைக் கழட்டி அதுல வெச்சுதான் பார்க்கணும்.”

“வேண்டாம். ஒண்ணும் வரலைன்னு சொல்லிடுங்க.”

“அவங்கதான சார் குடுத்தாங்க. நான் எப்படிச் சொல்றது?”

சாலையில் ஒரு தனியார் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போன பிறகு அவர் பேசினார்.

“அவகிட்ட நான் சொன்னது வேற. செருப்பை ஓரமா வைக்கத் திரும்பினேன், அதுக்குள்ள அவ ஓடிட்டான்னு சொல்லியிருக்கேன். அப்படி இல்ல மேடம். நான் போட்டோ எடுத்துட்டிருந்தேன். கோயிலும் அவளும் சேர்ந்து வரணும்னு. பின்னாடி போ, இன்னும் கொஞ்சம் பின்னாடி போன்னு நான்தான் சொன்னேன். அவ அலையைப் பார்த்து நிக்கல. என்னைப் பார்த்து நின்னா. நான் அவளையும் பார்க்கல, அலையையும் பார்க்கல. திரையைப் பார்த்துட்டிருந்தேன்.”

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தேன்.

“இது தெரிஞ்சா வத்சலா உயிரோட இருக்க மாட்டா” என்றார். கை கூப்பினார்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நேரம் வந்தால் சொல்லவேண்டியது என்ன என்பது இன்று எனக்குத் தெரியும். ‘சார், இதை நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க. ஒரு வாரம் நான் போனைத் தொட மாட்டேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அவருக்கும் ஒரு வழி கிடைத்திருக்கும், எனக்கும் கிடைத்திருக்கும். அன்று எனக்கு அது தோன்றவில்லை. “முதல்ல வருதான்னு பார்க்கறேன் சார்” என்று மழுப்பி அனுப்பினேன். மழுப்புவதும் ஒரு பதில்தான். அவர் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு போனார்.

அதே மாடல் போன் கிடைக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. மதுராந்தகத்தில் ஒருவர் திரை உடைந்ததைக் கொடுத்தார். போர்டைக் கழுவி, உலர்த்தி, உப்பு தின்ற இடங்களைச் சரிசெய்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். அதைச் சொல்லி நேரத்தைப் போக்கவில்லை. உயிர் வந்தால் அது ஒருமுறைதான் வரும், நீண்ட நேரம் நிற்காது என்பது போர்டைப் பார்த்தபோதே தெரிந்தது. அதனால் கேபிளை சொருகுவதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்துக்கொண்டேன். முதல் படத்திலிருந்து வரிசையாக எடுக்கக் கூடாது. கடைசியிலிருந்து பின்னோக்கி எடுக்க வேண்டும். நடுவில் செத்தாலும் அந்தச் சனிக்கிழமை மிஞ்சும். தொழிலாக நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று அது.

திரை எரிந்தது. போர்டு சூடேறிக்கொண்டே போனது, விரல் வைக்க முடியவில்லை. மின்விசிறியைக் கீழே இறக்கி வைத்து அதன்மேல் ஓடவிட்டேன். பதினோரு நிமிடம் உயிரோடு இருந்தது. பிறகு ஒரு மெல்லிய கருகல் வாடை, அவ்வளவுதான். அதற்குள் இருநூற்றுச் சொச்சம் படங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. பழைய படங்கள் கொஞ்சம் போய்விட்டன. அந்தச் சனிக்கிழமை முழுதாக வந்திருந்தது.

திறந்து பார்த்தேன். நீங்கள் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வந்திருக்கிறதா என்று சோதிக்கப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

மஞ்சள் கவுன் போட்ட பெண். முன்பல் ஒன்று இல்லை. பைக்கின் பெட்ரோல் டேங்க்மேல் உட்கார்ந்து ஹாண்டில்பாரைப் பிடித்திருக்கிறாள். கல் யானைக்குப் பக்கத்தில் நின்று தன் மூக்கைக் கையால் நீட்டிக் காட்டுகிறாள். மிளகாய்த்தூள் தடவிய மாங்காயைக் கடித்துக் கண்ணைச் சுருக்குகிறாள். பிறகு கடல். நான்கு படங்கள். முதலாவதில் கணுக்கால் தண்ணீர். இரண்டாவதில் முழங்கால். மூன்றாவதில் கவுன் நனையாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கிறாள். நான்காவதில் அவள் தோளுக்குப் பின்னால், தலையைவிட உயரமாக, தண்ணீர் நிற்கிறது. அவள் அதைப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு படம். சாய்ந்த மணலும் கொஞ்சம் வானமும், எல்லாம் கலங்கலாக. ஓடும்போது விரல் பட்டு விழுந்தது.

பக்கத்துக் கடை ஸ்டூடியோக்காரர் பிரிண்ட் போடுவதற்காக வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். செங்கல்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். எத்தனையோ பிணத்துக்குப் படம் எடுத்தவர். அவரே பின்வாங்கிச் சுவரில் சாய்ந்தார்.

“இத்த குடுக்காத தங்கச்சி. பெத்தவ பாக்கற போட்டோவா இது? பார்த்தா அந்தம்மா அங்கியே வுழுந்துடும்.”

“அவங்க பொருளு அண்ணே.”

“பொருளாவது இன்னொண்ணாவது. மாங்கா துன்றது, யானையாண்ட நிக்கறது, அதெல்லாம் நல்லா கீது. அத்தக் குடு. சாவற வரைக்கும் வெச்சிகினு பாக்கட்டும். இந்த நாலும் வந்துச்சுன்னு யாருக்குத் தெரியப்போவுது?”

எனக்கும் அதுதான் தோன்றியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குமாருக்காக நான் செய்யவில்லை. அவர் கையைக் கூப்பியிருக்காவிட்டாலும் நான் அதையேதான் செய்திருப்பேன். அந்தத் தாயைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். அந்த நான்கை மட்டும் எடுத்து என் கம்ப்யூட்டரில் வேறு இடத்தில் வைத்தேன். அழிக்கக் கை வரவில்லை. மற்றதையெல்லாம் சி.டி.யில் ஏற்றினேன். நல்ல படங்களில் முப்பது பிரிண்ட் போடச் சொன்னேன். கலங்கலாக விழுந்த அந்த மணல் படத்தில் ஒன்றும் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வத்சலா வந்து வாங்கிக்கொண்டார். முதல் பிரிண்டைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டார். மாங்காய்ப் படத்தின்மேல் விரலை வைத்து, “இந்தப் பல்லு விழுந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்துச்சு” என்றார்.

“இவ்வளவுதான் வந்துச்சா?” என்று கேட்டார்.

“போர்டு செத்துப்போச்சு மேடம். வந்தது இவ்வளவுதான்.”

என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறேழு நாள் கழித்து, கடை திறந்த உடனே வந்து நின்றார். இந்தமுறை பஸ்ஸில் வரவில்லை; ஆட்டோ பிடித்து வந்திருந்தார். கையில் ஒரு தாள். அதில் எண்கள் எழுதியிருந்தன. உட்காரவில்லை.

“நான் ஆவணப் பிரிவுல வேலை பார்க்கறேன்னு சொன்னேன்ல? கோப்பு வரிசையில எண் விட்டுப்போயிருக்கான்னு பார்க்கறதுதான் பத்து வருஷமா என் வேலை. சி.டி.யை ஆபீஸ்ல போட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் போனே ஒரு நம்பர் போட்டிருக்கு. மாங்கா படம் நானூத்திப் பதினெட்டு. மணல் படம் நானூத்தி இருபத்தி மூணு. அன்னைக்கு வேற எங்கயும் ஒரு எண்கூட விடுபடல. நடுவுல நாலு எங்க?”

எண்கள் என் நினைவில் சரியாக இல்லை. ஆனால் கேள்வி இப்படித்தான் இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். அவை பழுதாகியிருக்கும் என்று சொல்ல வந்தேன். சொல்லியிருந்தால் அவரால் மறுத்துப் பேசவும் முடிந்திருக்காது. அதற்குள் அவரே தொடர்ந்தார்.

“மணல் படத்துல நேரம் இருக்கு. அஞ்சு பன்னெண்டு. போன் பாக்கெட்ல இருந்துச்சுன்னு அவர் சொல்றார். பாக்கெட்ல இருக்கிற போன் எப்படி மணலைப் படம் எடுக்கும்?”

எதுவும் இல்லை என்று நான் நினைத்து விட்ட படம்தான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. பொய் சொல்லும்போது நாம் மறைக்கும் இடத்தைத்தான் கவனமாகப் பார்ப்போம். மற்றவர்கள் சுற்றியிருக்கும் இடத்தையெல்லாம் பார்ப்பார்கள்.

“இருக்கு மேடம்” என்றேன். “நான்தான் எடுத்து வெச்சேன்.”

“காட்டுங்க.”

“உட்காருங்க.”

“காட்டுங்க.”

நாற்காலியை அவருக்குப் பின்னால் தள்ளிவைத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் திருப்பி, நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தேன். ஸ்டூடியோக்காரர் கதவருகில் வந்து நின்றார், விழுந்தால் பிடிக்க. வத்சலா விழவில்லை. கடைசிப் படத்தில் குனிந்தார். மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்தார். பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரை அவர் பார்க்கவே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பயப்படல” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“இவ பயப்படலங்க. பாருங்க. சிரிச்சிட்டிருக்கா. இது வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் தெரியல.” அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். “நாப்பது நாளா எனக்கு ஒரே நினைப்பு. அவ தனியா தண்ணிக்குள்ள ஓடி, பயந்துபோய், என்னைக் கூப்பிட்டிருப்பாளோன்னு. கரையில யாரும் இல்லாம நின்னு அம்மான்னு கூப்பிட்டாளோன்னு. ராத்திரி பகல் எந்நேரமும் அது ஒண்ணுதான் காதுல.”

அவர் அழுதார். இத்தனை நாளில் நான் அவர் அழுது பார்த்தது அன்றுதான். முடிந்தபின் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இதையா எனக்குக் காட்டக் கூடாதுன்னு நினைச்சீங்க?”

“நீங்க தாங்க மாட்டீங்கன்னு...”

“அவர் மறைச்சார்னா, அவர் என் புருஷன். நான் அவரோட சண்டை போடுவேன், அடிப்பேன், என்னமோ செய்வேன். நீங்க யாரு? உங்களை நம்பி என் பொண்ணைக் குடுத்துட்டுப் போனேன்.”

ஸ்டூடியோக்காரர் தலையைக் குனிந்துகொண்டு தன் கடைக்குப் போய்விட்டார்.

நான்கையும் சி.டி.யில் போட்டு, ஸ்டூடியோவில் பிரிண்டும் எடுத்துக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் இருப்பதைத் தன் கண்முன்னால் அழிக்கச் சொன்னார். நான்கை மட்டுமல்ல, எல்லாவற்றையும். அழித்தேன். வாசலில் நின்று, “பின்னாடி போன்னு அவர் சொல்லியிருப்பார். அது எனக்குத் தெரியும். நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன்” என்றார். பிறகு, “ஆனா இந்த நாப்பது நாளும் நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு அந்தச் சத்தம் நின்னிருக்கும்” என்றார். ஆட்டோ காத்திருந்தது.

மூன்று மாதம் போல ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் குமார் வந்தார். ஆளே பாதியாகியிருந்தார். வத்சலா நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூருக்குப் போய்விட்டாராம். சி.டி.யையும் பிரிண்டுகளையும் எடுத்துக்கொண்டு. சண்டை எதுவும் போடவில்லையாம்.

“அன்னைக்கு வந்து நாலு பிரிண்டை சாப்பாட்டு மேசைமேல வரிசையா வெச்சா. நான் அந்தப் பக்கமே பார்க்கல. கண்ணை மூடிட்டு எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுட்டு, திரும்ப எடுத்து உள்ள வெச்சுட்டா. மறுநாள் ஊருக்குக் கிளம்பிட்டா.” அவர் கைகள் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தன. “இங்க வந்து பார்த்தப்ப அவ ஏதாவது சொன்னாளா மேடம்?”

“குழந்தை பயப்படலன்னு சொன்னாங்க சார். கடைசிப் படத்துல சிரிச்சிட்டிருந்தா.”

அவர் அப்படியே என்னைப் பார்த்தார். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. திரையில் கோயில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். முகம் எப்படி இருந்தது என்று அவருக்கு நினைவில்லை. இத்தனை நாளும் அவருக்கும் வத்சலாவுக்குக் கேட்ட அதே சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஒரே வீட்டில், இரண்டு பேரும், தனித்தனியாக.

“எனக்கு அதைக் காட்டுங்க” என்றார்.

“எங்கிட்ட இல்ல சார். அவங்க அழிக்கச் சொன்னாங்க. அவங்க முன்னாடியே அழிச்சுட்டேன்.”

“அவகிட்ட இல்லன்னு சொன்ன மாதிரி எங்கிட்டயும் சொல்றீங்களா?”

எனக்குக் கோபம் வரவில்லை. கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினேன். அவரே தேடினார். வெறும் கோப்புறையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு படித்த மனிதருக்கே தோன்றக்கூடிய ஒன்று அவருக்குத் தோன்றியது.

“அழிச்சதை எடுக்கறதுதானே மேடம் உங்க வேலை?”

அது உண்மை. நான் அழித்த பிறகு அந்த ஹார்ட் டிஸ்க்கில் புதிதாக அதிகம் பதியவில்லை. உட்கார்ந்தால் அரை நாளில் எடுத்துவிடலாம் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அவரும் பெற்றவர்தான். எடுத்துக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம், அந்த அம்மாவுக்குத் தெரியவா போகிறது என்று ஒரு குரல் எனக்குள் கேட்டது. அதே குரல்தான். நான்கு படத்தை எடுத்து ஒளித்து வைக்கச் சொன்ன அதே குரல், இப்போது எடுத்துக் கொடு என்று சொன்னது. அப்போதும் இரக்கத்தோடுதான் பேசியது, இப்போதும் இரக்கத்தோடுதான் பேசியது.

“எடுக்க முடியும் சார்” என்றேன். “ஆனா அது அவங்க எங்கிட்ட குடுத்தது. அவங்கள ஒரு வார்த்தை கேளுங்க. சரின்னு அவங்க ஒரு போன் பண்ணட்டும். அன்னைக்கே எடுத்துத் தரேன்.”

“அவ என்கூடப் பேச மாட்டா.”

“கேட்டுப் பாருங்க சார்.”

செத்த போனை ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். வாங்கி, பேன்ட் பாக்கெட்டில் போடப் போனவர், நிறுத்திக் கையிலேயே வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலமே அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். அழித்த படங்களின் மேலே வேறு எதுவும் பதிந்தால் பிறகு மீட்க முடியாது என்று துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்து, வேலைக்கு வேறொன்று மாட்டிக்கொண்டேன். தஞ்சாவூர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எந்த வேலை இருந்தாலும் ஒதுக்கிவிட்டு உட்காருவதென்று இருந்தேன். அப்போதெல்லாம் ஊர்ப் பெயர் திரையில் வராது. புது எண் எது வந்தாலும் எழுந்து வாசலுக்குப் போய் எடுப்பேன். டிஸ்ப்ளே என்ன விலை, பேட்டரி இருக்கிறதா என்று யாராவது கேட்பார்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் கடையில் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் பழுதாகி, வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, இழுப்பறையிலிருந்த அந்த டிஸ்க்கை எடுத்து மாட்டினேன்.